எண்ணெய் குடித்த காருக்கு ஒரு மகஜர்

"குறைஞ்சிருக்கு."

மேலகரத்தில் விடிந்ததிலிருந்து சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஏசுதாசன் ஒரு கையில் குடையும் மறு கையில் ஆயில் பார்க்கும் கம்பியுமாகக் காரின் பானட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார்.

"ஜெபா, மறுபடியும் குறைஞ்சிருக்கு."

"எது? என் பொறுமையா?" அடுக்களை ஜன்னலிலிருந்து அவர் மனைவி ஜெபமலரின் குரல் வந்தது.

"ஆயிலு. முந்தாநாள்தான் ஊத்துனேன். கீழ்க்கோட்டுப் பக்கத்துல வந்து நிக்கி. உன் தம்பி நம்மள நல்லா ஏமாத்திட்டான்."

பதிலுக்கு ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கீழே வைக்கப்பட்டது.

ஏசுதாசன் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தராசு, படிக்கல், லிட்டர் குவளை எல்லாவற்றையும் சரிபார்த்து முத்திரை போடுவது அவர் வேலை. ஆலங்குளத்திலோ வாசுதேவநல்லூரிலோ அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், கடைக்காரர்களின் விரல் தராசுத் தட்டை விட்டுத் தானாக எழுந்துவிடும். யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. யாரையும் மன்னித்து விட்டதும் இல்லை.

ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து கைக்கடிகாரம் கொடுப்பதாக இருந்தார்கள். அவர் அதை மறுத்து, ஒரு முத்திரை இடுக்கி செய்து தரச் சொன்னார். அரசாங்க முத்திரை அல்ல, 'ஏ.தா.' என்று அவர் பெயரின் எழுத்துகள் மட்டும் பொறித்தது. கூடவே ஒரு டப்பா ஈயக் குண்டும் ஒரு சுருள் மெல்லிய கம்பியும் வந்தன. அதற்குப் பிறகு அந்த வீட்டில் முத்திரை விழாதது ஜெபமலர் ஒருத்திதான். அரிசி உழக்கில் முத்திரை, காப்பித்தூள் கரண்டியில் முத்திரை, தேங்காய் எண்ணெய் பாட்டில் கழுத்தில் முத்திரை. மனிதர் ஓய்வு பெற்றாரே தவிர, ஓயவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மைத்துனன் ஜோஷ்வாவிடமிருந்து அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினார். வாங்கும்போது ஜோஷ்வா கம்பியை உருவிக் காட்டினான். எண்ணெய் மேல்கோட்டில் சரியாக நின்றது.

"நாலு வருஷமா வச்சிருக்கேன் அத்தான். ஆயில் மாத்துத நாள் தவிர நடுவுல ஒரு சொட்டு ஊத்துனதில்ல," என்றான்.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஏசுதாசன் செய்த முதல் காரியம் அந்தக் கம்பியைச் சோதித்ததுதான். இரும்பு அடிக்கோலை வைத்து இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தார். வளைவு இல்லையென்று கண்டார். பிறகு மேலே இருக்கும் மஞ்சள் வளையத்துக்கு அடியில் கம்பியின் கழுத்தைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றி, ஈயக் குண்டை வைத்து நசுக்கி 'ஏ.தா.' போட்டார்.

"அதுக்கும் தாலி கட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டு ஜெபமலர் உள்ளே போனாள்.

"சரிபாத்த கோலு. இனி இத என்னயத் தவிர யாரும் தொடக்கூடாது," என்றார் ஏசுதாசன். நாலாம் நாள் காலையில் அவர் பார்த்தபோது எண்ணெய் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்று தொடங்கியது வினை.

தென்காசியில் கிதிர் முகம்மதுவின் கடையில் ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் வாங்கப் போனார். வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் மெக்கானிக் ஷெட்டுக்கு எதிரே இருந்தது அந்த ஒரு கடைதான். கிதிர் முகம்மது முன்பு கடைத்தெருவில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் அளந்து விற்றவர். இருபது வருஷத்துக்கு முன்னால் அவருடைய லிட்டர் குவளையில் பன்னிரண்டு மில்லி குறைவதைக் கண்டுபிடித்துப் பறிமுதல் செய்தவர் ஏசுதாசன்.

"மூட்டை விழுந்து நசுங்கிப்போச்சு சார். வேணும்னு செய்யல," என்று அன்று கிதிர் முகம்மது கெஞ்சினார்.

"வேணும்னு செஞ்சா என்ன, தெரியாம செஞ்சா என்ன? அளவு தப்புன்னா தப்புதான்," என்று சொல்லிவிட்டு சாட்சி வைத்து நடந்ததைப் பதிவு செய்யும் மகஜர் எழுதக் காகிதம் எடுத்தார் ஏசுதாசன்.

அதற்குப் பிறகு கிதிர் முகம்மது அளந்து விற்கும் தொழிலையே விட்டுவிட்டார். இப்போது மூடி போட்ட டப்பாக்களும் கார் உதிரிப் பாகங்களும் மட்டும்தான் விற்கிறார். ஏசுதாசனைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க சார். ஒரு லிட்டர் டப்பா. கம்பெனி மூடி. வேணும்னா அளந்து பாத்துக்கிடுங்க."

குரலில் மரியாதை குறையவில்லை. அதுதான் ஏசுதாசனுக்கு என்னவோ போல இருந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார். முக்கால் டப்பா ஊற்றியதும் எண்ணெய் மேல்கோட்டுக்கு வந்தது. நிம்மதியாக இருந்தது.

மறுநாளே புகை ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து குற்றாலத்துக்குப் போனார்கள். சீசன் கூட்டத்தில் வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை நகரும்போதும் பின்னால் நீலப் புகை கிளம்பியது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். பஜ்ஜிக் கடைக்காரர் ஒருவர், "கொசு மருந்து வண்டி வந்துட்டு, சட்டிய மூடுலே!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். நாலைந்து பிள்ளைகள் அதை நம்பிக் காருக்குப் பின்னால் ஓடிவந்தன.

ஜெபமலர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். புகைக்காக அல்ல, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடக் கூடாதென்று.

வீட்டுக்கு வந்ததும் ஏசுதாசன் ஜோஷ்வாவுக்கு போன் போட்டார்.

"ஏலே, உன் வண்டி ஆயில் குடிக்கி."

"என்கிட்ட இருந்தப்ப குடிக்கலையே அத்தான்."

"அப்போ என் வீட்டுக்கு வந்ததும் பழகிக்கிட்டோ?"

"அத்தான், சத்தியமா..."

"சத்தியம்லாம் வேண்டாம். எனக்குக் கோலு சொல்லுதுதான் கணக்கு."

அடுத்த நாள் கார் சேக் தாவூதின் ஷெட்டுக்குப் போனது. சேக் தாவூது நல்ல கைராசிக்கார மெக்கானிக், வாய் அதிகம் பேசாதவர். பழைய எண்ணெயை முழுவதும் இறக்கிவிட்டுப் புதிதாக, கொஞ்சம் கெட்டியான எண்ணெய் ஊற்றினார்.

"மூணு லிட்டர் சார். இந்த எஞ்சினுக்கு அவ்வளவுதான்."

ஏசுதாசன் கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்துப் பார்த்தார். "கீழ்க்கோட்டுக்குப் பக்கத்துலதான் நிக்கி. இன்னும் ஊத்தும்."

"கம்பெனிக் கணக்கு மூணு லிட்டருதான் சார். கூடிட்டாலும் பொகையும்."

"கூடலையே. கோலு குறையுதுன்னுல்லா சொல்லுது."

"நான் ஒருக்க பாக்கட்டா?"

சேக் தாவூது கை நீட்டினார். ஏசுதாசன் கம்பியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இது சரிபாத்த கோலு. நீரு ஊத்தும்."

வண்டிக்காரர் சொன்னால் ஊற்றத்தானே வேண்டும்? முக்கால் லிட்டர் கூட ஊற்றினார்.

புகை குறையவில்லை, கூடியது. பத்தே நாளில் ஸ்பார்க் பிளக்கில் கரி பிடித்து, இலஞ்சிக்குப் பிரியும் விலக்கில் வண்டி நின்றுபோனது. பிளக்கை மாற்றினார்கள். ஒரு வாரம் ஓடியது. எண்ணெய் குறைந்தது. ஏசுதாசன் ஊற்றினார். வால்வ் சீலை மாற்றினார்கள். எண்ணெய் குறைந்தது. ஏசுதாசன் ஊற்றினார். எஞ்சினுக்குப் பின்பக்கம் கசிவு கண்டது, கார் நிற்கும் இடத்திலெல்லாம் தரையில் கறுப்பு வட்டம் விழுந்தது. கசிவுக்கு ஒரு சீல் மாற்றினார்கள். எண்ணெய் குறைந்தது. ஏசுதாசன் எத்தனை முறை ஊற்றினார் என்பது கிதிர் முகம்மதுவுக்குத்தான் தெரியும்.

"இன்னைக்கும் ஒரு லிட்டரா சார்?" என்று மட்டும் கேட்பார் அவர். வேறு ஒன்றும் கேட்க மாட்டார்.

கடைசியில் சேக் தாவூது கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இனி எஞ்சினப் பிரிச்சு பிஸ்டன் ரிங்கப் பாக்கணும் சார். வேற வழி தெரியல."

அந்த வார்த்தைதான் ஏசுதாசனுக்கு வேண்டியிருந்தது. ரிங் போன வண்டியைத் தெரிந்தே தலையில் கட்டிவிட்டான் ஜோஷ்வா! அன்று மாலையே மேஜை முன் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார்: 'தங்களால் எனக்குக் கைமாற்றம் செய்யப்பட்ட வாகனத்தில் உள்ள குறைபாட்டைத் தாங்கள் மறைத்தது முதல் நோக்கில் தெரியவருவதால், இக்கடிதம் கிடைத்த ஏழு தினங்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்குமாறு...' பதிவுத் தபாலில் அனுப்பினார்.

அந்த நேரத்தில் அதை அனுப்பியிருக்கவே கூடாது. ஆலங்குளத்தில் ஜோஷ்வா கட்டிய புது வீட்டுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை ஜெபம். பதினோரு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. ஜோஷ்வாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவர்கள் அம்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிப் படிக்க வைத்தது அக்காதான். அவனுக்காகவே கல்யாணத்தை ஐந்து வருஷம் தள்ளிப் போட்டவள் ஜெபமலர். 'அக்கா கையால கதவத் திறந்தாத்தான் நான் உள்ள காலெடுத்து வைப்பேன்' என்று சபை முழுக்க அவன் சொல்லி வைத்திருந்தான்.

புதன்கிழமை ஜோஷ்வா போன் செய்தான். ஜெபமலர்தான் எடுத்தாள்.

"அக்கா, பதிவுத் தபால் வந்திச்சு. எதுத்த வீட்டுல கோர்ட்டு சம்மன்னு நெனச்சுத் துக்கம் விசாரிக்க வந்துட்டாவ." சிரிப்பது போலத்தான் ஆரம்பித்தான். பிறகு குரல் உடைந்தது. "நான் உங்கள ஏமாத்துவேனாக்கா?"

அவள் போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வண்டிய நான் திரும்ப எடுத்துக்கிடுதேன் அத்தான். ஞாயித்துக்கிழமை அக்காவ மட்டும் கூட்டிட்டு வந்துருங்க," என்றான் ஜோஷ்வா.

"அப்போ குத்தத்த ஒத்துக்கிடுத?"

"செய்யாதத எப்படி ஒத்துக்கிட?"

"ஒத்துக்கிடாம வண்டிய எதுக்கு எடுக்க? யாரு தப்புன்னு தெரியணும். தெரியாம நான் உன் வாசல்ல மிதிக்க மாட்டேன்."

போனை வைத்ததும் ஜெபமலர் சொன்னாள். "நீங்க மிதிக்காத வாசல்ல நான் மட்டும் போயி நிக்கவா? ஊரு என்ன கேக்கும்? எங்க உங்க வீட்டுக்காரர்னு கேட்டா, என் தம்பிய கள்ளன்னு சொல்லிட்டு வீட்டுல இருக்காவன்னு சொல்லவா?"

"அளவு தப்புன்னா..."

"உங்க அளவும் நீங்களும்!" என்று எழுந்து போனவள்தான். வியாழக்கிழமை பேசவில்லை. வெள்ளிக்கிழமையும் பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு மேஜைக்கு வந்தது, உழக்கு பிசகாமல். இரண்டு நாளும் அவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். தம்பி வீட்டுக் கதவை அவள் திறக்காமல் போனால், இந்த வீட்டிலும் ஏதோ ஒரு கதவு இனித் திறக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் முப்பத்தொரு வருஷமாக இறங்கிப் பழக்கமில்லாத மனிதர்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு வழி கண்டுபிடித்தார். சாட்சி வைத்து மகஜர் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் எஞ்சினைப் பிரிப்பது. ரிங் தேய்ந்திருந்தால் ஜோஷ்வா குற்றவாளி. தேயாமல் இருந்தால்? அது அவர் யோசனையில் வரவே இல்லை.

"யாரு மேல குத்தம்னு தெரியுதோ, அவன் நாளக்கழிச்சு அந்தப் புது வீட்டு வாசல்ல, சபையார் முன்னால, கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேக்கணும். சம்மதமாலே?" என்று போனில் கேட்டார்.

"சம்மதம் அத்தான்," என்றான் ஜோஷ்வா.

சனிக்கிழமை பத்து மணிக்கு சேக் தாவூதின் ஷெட்டில் எல்லோரும் கூடினார்கள். ஜோஷ்வா வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். புது வீட்டுச் சாவி சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. ஜெபமலர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தம்பியையும் பார்க்காமல் கணவரையும் பார்க்காமல் தரையிலிருந்த கறுப்பு வட்டத்தையே பார்த்தாள்.

சாட்சிக்கு ஆள் வேண்டும். சம்பந்தமில்லாத, பக்கத்துக் கடைக்காரராக இருக்க வேண்டும் என்பது ஏசுதாசனின் பழைய விதி. எதிரே ஒரே கடைதான் இருந்தது.

"நானா சார்?" என்றார் கிதிர் முகம்மது.

"நீருதான். நடந்தத நடந்தபடி எழுதணும். யாருக்காகவும் கூட்டியோ குறைச்சோ எழுதக்கூடாது."

"அது எனக்கு நல்லாத் தெரியும் சார்," என்று சொல்லிவிட்டு கிதிர் முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஏசுதாசன் முறையாகத்தான் செய்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கார் நிற்கும் தரை சமமா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். எஞ்சின் இரண்டு மணி நேரமாக ஓடாமல் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு மகஜரைச் சொல்லச் சொல்ல கிதிர் முகம்மது நிதானமாக எழுதினார். இடம், நாள், நேரம், ஆஜரானவர்கள்.

"எதிரி பேரு?" என்று தலை நிமிர்ந்தார் கிதிர் முகம்மது.

ஜோஷ்வா தலையைக் குனிந்துகொண்டான். ஜெபமலர் முதல் முறையாகக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஏசுதாசன் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த எடத்த காலியா விடும். பாத்து முடிச்சிட்டு எழுதலாம்."

"சரி சார்."

"பிரிக்கதுக்கு முன்னால ஆயில் அளவு எழுதணும். சாட்சி அவர் கையாலயே எடுத்துப் பாக்கணும். அதான் முறை." இரண்டு மாதமாக யாரையும் தொட விடாத கம்பியை அவர் சுட்டிக் காட்டினார்.

சேக் தாவூது ஸ்பானரை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். கிதிர் முகம்மது கம்பியை உருவினார். துணியால் துடைத்தார். மறுபடி உள்ளே விட்டார். உடனே வெளியே எடுக்கவில்லை. குனிந்து, மஞ்சள் வளையத்துக்கும் குழாய் வாய்க்கும் நடுவே கட்டை விரலை வைத்துப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். பிறகு கம்பியை வெளியே எடுத்து, கழுத்திலிருந்த ஈயக் குண்டைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய் வாசித்தார்.

"என்ன சார் இது, ஏ.தா.?"

"அது நான் சரிபாத்ததுக்கு அடையாளம். அளவச் சொல்லும்."

"ஒரு நிமிஷம் சார். இந்தா வாரேன்."

தெருவைக் கடந்து தன் கடைக்குப் போனார். தகரக் கூரையில் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. "ஏன் போறாரு?" என்று கேட்டு ஏசுதாசன் வாசல் வரை போய் எட்டிப் பார்த்தார்.

கிதிர் முகம்மது பிளாஸ்டிக் உறையில் இருந்த ஒரு புதுக் கம்பியோடு திரும்பி வந்தார். இதே காருக்கானது. உறையைக் கிழித்துப் புதுக் கம்பியைக் குழாய்க்குள் விட்டார். அது 'டக்'கென்று அடிவரை இறங்கி உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தார். பழைய கம்பியையும் புதுக் கம்பியையும் இரண்டு கையில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சேக் தாவூது எட்டிப் பார்த்துவிட்டு ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தார்.

கிதிர் முகம்மது மகஜர் காகிதத்தை முழங்காலில் விரித்து, பேனா மூடியைத் திறந்துகொண்டு, மரியாதை கொஞ்சமும் குறையாமல் கேட்டார்:

"உங்க முத்திரை தடுத்து இந்தக் கம்பி ஒரு நாளும் முழுசா உள்ள இறங்கவே இல்ல சார், நெறஞ்ச எஞ்சினுக்குத்தான் இத்தன நாளும் மேல மேல ஊத்தியிருக்கிய, காலியா விட்ட எடத்துல 'ஏ.தா.'ன்னு எழுதுனாப் போதுமா, முழுப் பேரும் வேணுமா?"